கேமரா இல்லாத பேட்டரி

சமையலறையில், மிக்ஸி சொருகும் இடத்தில், சார்ஜரின் ஆரஞ்சு விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. சட்னி அரைக்க வந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"இதுக்குரிய சாமானே நம்மகிட்ட இல்ல. இதப் போயி எதுக்குடி அப்பப்ப சார்ஜ் போட்டுக்கிட்டுக் கெடக்குற?"

கழற்றட்டுமா என்று நான் கேட்கவில்லை. அவள் தேங்காய் மூடியைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டு, "இன்னைக்குப் பொடி தொட்டுக்க" என்று வெளியே போய்விட்டாள்.

அது உன் கேமராவின் பேட்டரி. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிது, கறுப்பு. கேமரா இங்கே இல்லை. பொன்னமராவதியில், உங்கள் வீட்டுச் சாமியறையில், பூட்டிய மரப்பெட்டிக்குள் உன் புடவைக்கு மேலே இருக்கிறது. நீ தொட்டே பார்க்காத கேமரா. நீ போய் ஒரு வருடம் கழித்து நான் கடைக்குப் போய் உனக்காகத் தேர்ந்தெடுத்தது. சரியாகத் தேர்ந்தெடுத்தேனா என்று கேட்க உன்னைத் தவிர எனக்கு ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன். நீ இருந்தபோதும் எனக்கு வாயைவிடக் கைதான் கொஞ்சம் பேசும்.

நாம் முதலில் வைத்திருந்த கேமரா உனக்கு நினைவிருக்கும். உன் மாமா தூக்கிப் போட இருந்ததை நீ கெஞ்சி வாங்கிவந்தாய். புதுக்கோட்டை மகளிர் கல்லூரிக்குப் பொன்னமராவதி பேருந்தில் நீ வருவாய், விராலிமலைப் பக்கத்திலிருந்து நான் வருவேன். உன் சாப்பாட்டுப் பைக்குள் டிபன் பாக்ஸுக்கு மேலே அந்தக் கேமரா துண்டில் சுற்றிக் கிடக்கும். அதிலிருந்து எப்போதும் புளிச்சோற்று வாசம் வரும். அதன் ஆட்டோஃபோகஸ் செத்துப் போயிருந்தது. பொத்தானைத் தொட்டால் தானாகவே முகத்தைத் தேடித் தெளிவாக்க வேண்டிய மோட்டார், தொண்டை கட்டியவர் செருமுவதுபோல ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கிவிடும். எதை எடுப்பதானாலும் லென்ஸின் வளையத்தைக் கையால் மெல்லத் திருப்பி, மங்கலாகத் தெரிவது கூர்மையாகும் வரை காத்திருந்து எடுக்க வேண்டும்.

அதற்குள் எதிரே இருப்பவர் திரும்பிவிடுவார். நடந்துவிடுவார். உனக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. "கொஞ்சம் அப்படியே!" என்பாய். முதல் வார்த்தையை இழுத்து, இரண்டாவதைச் சட்டென்று நிறுத்துவாய். முதல்வர் அறைக்குப் போய்க்கொண்டிருந்த மேடம்கூட அப்படியே நின்றிருக்கிறார்.

வகுப்புத் தோழியின் அக்கா கல்யாணத்துக்கு மணமேல்குடி போனோமே, மறுநாள் காலை கடற்கரைக்குக் கூட்டிப் போனாய். மீன் கூடையோடு வேகமாக வந்துகொண்டிருந்த ஒரு அக்காவைப் பார்த்ததும் நீ குறுக்கே ஓடினாய்.

"அக்கா, கொஞ்சம் அப்படியே!"

"ஏன்டி, நீ அதத் திருகி முடிக்கிறதுக்குள்ள இந்த மீனு கருவாடாயிரும்."

"கருவாடானா நானே மொத்தமா வாங்கிக்கிறேங்கா. நில்லுங்க."

"வாங்குற மூஞ்சியப் பாரு" என்று அவர் சிரித்தார். நின்றும் விட்டார். அந்தச் சிரிப்புதான் படம். அதன் பிறகு கேமராவை என் கழுத்தில் மாட்டிவிட்டாய். படகின் நிழலில் உட்கார்ந்து வலையைச் சரிசெய்துகொண்டிருந்த பெரியவரை எடுக்கச் சொன்னாய். நான் வளையத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். அவர் முகம் தெளிவுக்கு வரும் நேரத்தில் குனிந்துவிடுவார். குனிந்த முகத்துக்குத் திருப்பினால் நிமிர்ந்துவிடுவார்.

"சொல்லுடி. கொஞ்சம் அப்படியேன்னு சொல்லு" என்று காதருகே வந்து கிசுகிசுத்தாய்.

எனக்குச் சத்தம் வரவில்லை. அவர் வேலையைக் கெடுத்து, என்னைப் பாருங்கள் என்று சொல்ல நான் யார் என்று இருந்தது. லென்ஸைத் தாழ்த்தி, படகு கட்டியிருந்த கயிற்றை எடுத்தேன். கயிறு எங்கேயும் போகாது.

திரும்பும்போது பேருந்தில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாய். "கயிறு. சட்டி. கயிறு. நங்கூரம். கயிறு. ஏன்டி, மனுசங்களே இல்லாத ஊருக்கா போயிட்டு வந்த?" முன் இருக்கையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாய். பிறகு உனக்கே ஏதோ தோன்றியதுபோலச் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாய்.

"இந்தா பாரு. ஒனக்கு ஆட்டோஃபோகஸ்தான் சரி. நீ வாயத் தொறக்க வேணாம். அதுவே ஓடுற ஆளப் புடிச்சுக்கும். நீ பாத்தாப் போதும், ஒனக்குப் பாக்கத் தெரியுது. எனக்கு மேனுவல். எனக்குத்தான் வாய் இருக்குல்ல, நிறுத்தி வச்சு எடுத்துக்குவேன்."

"அப்ப ரெண்டு கேமராவா?" என்று கேட்டேன்.

"ரெண்டுக்கு எங்கிட்டுப் போறது? ரெண்டும் நல்லா இருக்குற ஒரே கேமராவா வாங்கணும். நீ குடுக்க, நான் வாங்க, சுவிட்ச ஒரு தட்டுத் தட்டுனா மாறணும்."

கேட்டவர்கள் எல்லாரும் மாற்றித்தான் நினைப்பார்கள். படபடவென்று ஓடுகிற உனக்குத் தானியங்கி, பொறுமையாக உட்காருகிற எனக்குக் கையால் திருப்புவது என்று. வாய் இல்லாதவளுக்குத்தான் ஆட்டோஃபோகஸ் வேண்டும் என்று கண்டுபிடித்தது நீ மட்டும்தான்.

அன்றிலிருந்து அந்தத் தேடல் தொடங்கியது. உன் அப்பா சவுதியில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமைகளில் வீடியோவில் வருவார். ஒருமுறை நானும் உன் பக்கத்தில் இருந்தேன்.

"பாப்பா, எந்தக் கேமரான்னு முடிவு பண்ணிட்டியா? லீவுக்கு வாரப்ப வாங்கியாறேன்."

"பொறுங்கப்பா. ஆட்டோ நல்லா இருந்தா கையால திருப்புறது நொட்டையா இருக்கு. அது நல்லா இருந்தா இது நொட்டையா இருக்கு. எனக்கு ரெண்டும் நல்லா இருக்கணும்."

"ரெண்டும் நல்லா இருக்குறது மாப்பிள்ளையிலயே கெடைக்காது தாயி."

"மாப்பிள்ளைய நீங்க பாருங்க. கேமராவ நான் பாத்துக்கிறேன்."

அவர் அந்தப் பக்கம் சிரித்த சிரிப்பில் படம் நடுங்கியது. அந்த விடுமுறைக்கு வந்தார், உனக்கு ஒரு கைக்கடிகாரம் கொண்டுவந்தார், திரும்பிப் போனார். நீ இன்னும் தேர்ந்தெடுத்து முடிக்கவில்லை.

திருச்சிக்கு எதற்குப் போனாலும் அந்தக் கேமராக் கடைக்குள் நுழைந்துவிடுவாய். "சும்மா பாக்கத்தாண்ணே வந்தோம்" என்று வாசலிலேயே சொல்லிவிடுவாய். கடைக்காரருக்கும் பழகிவிட்டது. ஒவ்வொரு கேமராவையும் கையில் வாங்கியதும் முதலில் வளையத்தைத்தான் திருப்புவாய். பல லென்ஸ்களில் அது முடிவே இல்லாமல் சுற்றும்.

"என்னண்ணே இது, வாளி இல்லாத ராட்டினம் மாதிரி சுத்திக்கிட்டே கெடக்கு? எங்க நிக்குதுன்னு வெரலுக்குத் தெரிய வேணாமா?"

"இப்ப வர்றதெல்லாம் அப்படித்தாம்மா. நீங்க திருப்புறது சும்மா. உள்ள மோட்டார்தான் திருப்புது."

"அப்ப மேனுவல்னு எதுக்குண்ணே எழுதியிருக்கீங்க?"

அவர் அடுத்த கேமராவை எடுத்து வைப்பார். சிலவற்றில் வளையம் நன்றாக இருக்கும், ஆனால் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பதற்குத் திரைக்குள் போய் ஏழெட்டு இடம் தட்ட வேண்டியிருக்கும். உனக்கு அது ஆகாது. கண்ணிலிருந்து கேமராவை எடுக்காமலே, விரல் தானாகப் போய்ச் சேரும் இடத்தில் எல்லாச் சக்கரமும் இருக்க வேண்டும். ஷட்டருக்கு ஒன்று, லென்ஸ் திறப்புக்கு ஒன்று. ஆட்டோவிலிருந்து மேனுவலுக்கு மாற்றும் சுவிட்ச் வெளியிலேயே, தடவினால் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும்.

உன் பங்கைச் சோதித்து முடித்ததும் என் பங்குக்கு வருவாய். கேமராவை என் கையில் கொடுத்துவிட்டுக் கடையின் அந்தக் கோடிக்குப் போய், அங்கிருந்து என்னை நோக்கி வேகமாக நடந்து வருவாய். பாதியில் திரும்புவாய். தலையை ஆட்டுவாய். நாக்கைத் துருத்துவாய். திரையில் ஒரு சின்னப் பச்சைக் கட்டம் உன் முகத்தின் மேல் விழுந்து, நீ போகும் இடமெல்லாம் கூடவே வரும்.

"புடிக்குதா? விடாமப் புடிக்குதாடி?" என்று கத்துவாய்.

பிடித்தது. நல்ல கேமராக்கள் எல்லாமே உன்னை விடாமல் பிடித்தன.

பட்டமளிப்பு நாளில் கறுப்பு அங்கி போட்டு நின்ற என்னை அந்தப் பழைய கேமராவில்தான் எடுத்தாய். எங்கள் வீட்டில் முதல் பட்டம். அப்பா வெயிலில், மரத்தடியில், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தார், ஏதோ கோயிலுக்கு வந்ததுபோல. "கொஞ்சம் அப்படியே" என்று நீ என்னிடமே சொன்னாய். இன்றும் அந்தப் படம் எங்கள் சுவரில் இருக்கிறது. கண்ணாடியில் தூசி படிந்தால் அப்பா தோளில் கிடக்கும் துண்டால் துடைப்பார்.

அந்த வருட மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. பொன்னமராவதியில் ஊசி போட்டுக்கொண்டு, "சரியாயிருச்சு, ஞாயித்துக்கெழம திருச்சி போறோம், புதுசா ஒரு கேமரா வந்திருக்காம்" என்று எனக்குச் செய்தி அனுப்பினாய். அந்த ஞாயிற்றுக்கிழமை நீ புதுக்கோட்டை மருத்துவமனையில் இருந்தாய். அங்கிருந்து திருச்சிக்கு மாற்றினார்கள். ரத்தத்தில் ஏதோ இறங்கிக்கொண்டே போகிறது என்றார்கள். மருத்துவர்கள் ஓடி ஓடித்தான் பார்த்தார்கள். நான் வந்தபோது கண்ணாடிக் கதவுக்கு வெளியில் நிற்கத்தான் விட்டார்கள்.

உன் மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க் இருந்தது. நீ என்னைப் பார்த்துவிட்டாய். வலது கையைக் கொஞ்சம் தூக்கி, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து மெல்லத் திருப்பிக் காட்டினாய். சொட்டு மருந்து வேகமாக இறங்குகிறது, குழாயைத் திருகச் சொல் என்றாயா? கேமரா என்றாயா? நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. செவிலியரிடம் ஓடிப்போய், மருந்து வேகமாக இறங்குகிறதா பாருங்கள் என்று சொன்னேன். அவர் பார்த்துவிட்டுச் சரியாகத்தான் இருக்கிறது என்றார். திரும்பி வந்தபோது திரையை இழுத்துவிட்டிருந்தார்கள். அதுதான் நான் உன்னைக் கடைசியாகப் பார்த்தது.

வேலைக்குச் சேர்ந்தேன். விராலிமலையில் ஒரு தொழிற்சாலை, தரம் பார்க்கும் பிரிவு. தட்டில் உதிரிப் பாகங்கள் வரும். கீறல் இருக்கிறதா என்று விளக்குக்கு அடியில் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். பேச வேண்டியதில்லை. எனக்கென்றே செய்த வேலை என்று நீ கிண்டல் செய்திருப்பாய்.

வருடம் திரும்பும் நேரத்தில் உன் அம்மா போன் செய்தார்.

"ஆத்தா, அவளுக்குப் படைப்பு வைக்கிறோம். நீ வரணும்."

கல்யாணம் ஆகாமல் போய்விட்ட பெண்ணை வீட்டுச் சாமியாக வைத்துக் கும்பிடுவது உங்கள் குடும்ப வழக்கம் என்று நீயே ஒருமுறை சொல்லியிருக்கிறாய். உன் கொள்ளுத்தாத்தாவின் தங்கை ஒருவர் அப்படி உங்கள் வீட்டில் சாமியாக இருக்கிறார். அவருக்கு வருடா வருடம் புதுப் புடவை வைத்துப் படைத்து, பெட்டியில் பூட்டிவிடுவார்கள். அடுத்த வருடம் பெட்டியைத் திறந்து, பழைய புடவையை வீட்டுப் பெண் ஒருத்தி கட்டிக்கொள்வாள். இப்போது அவருக்குப் பக்கத்தில் உனக்கும் ஒரு பெட்டி.

"சேலை எடுத்தாச்சு. வளையல், பவுடர், கண்ணாடி எல்லாம் வாங்கியாச்சு" என்றார் உன் அம்மா. "அவ ஆசப்பட்டுக் கேட்டது ஒன்னு இருக்கேத்தா. அதையும் வைக்கணும்னு அவுக அப்பா சவுதியிலருந்து சொல்லிப் பணமும் அனுப்பிட்டாக. எந்தக் கேமரான்னு இங்க ஒருத்தருக்கும் தெரியல. ஒனக்குத்தான் தெரியும். நீயே பாத்து வாங்கிட்டு வா. படைச்சு முடிச்சதும் நீயே வச்சுக்க. வேற யாரு இருக்கா அத எடுக்க?"

சரிம்மா என்றேன். எனக்கும் தெரியாது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? நீதான் முடிவே செய்யவில்லையே.

திருச்சிக் கடைக்குத் தனியாகப் போனேன். உள்ளே நுழைந்ததும் கடைக்காரர் என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். "எங்கம்மா அந்த வாயாடி?" என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் கண்ணாடி மேசையைத் துணியால் துடைத்தார். சுத்தமாக இருந்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

நீ கடைசியாக விரும்பிக் கையில் வைத்திருந்த கேமரா இப்போது வருவதில்லை என்றார். வேறு சிலவற்றை எடுத்து வைத்தார். "வீடியோவா, போட்டோவா? கல்யாணம் எடுக்கவா? எதுக்குன்னு சொன்னீங்கன்னா அதுக்குத் தகுந்த மாதிரி காட்டலாம்."

எதற்கு என்று நான் என்ன சொல்ல? "ஆட்டோவும் நல்லா இருக்கணும். கையால திருப்புறதும் நல்லா இருக்கணும்" என்றேன். அந்தக் கடையில் கேமராவைப் பற்றி நான் பேசிய முதல் வாக்கியம் அது.

வளையங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். ஒன்று வழுக்கியது. ஒன்று முடிவில்லாமல் சுற்றியது. ஒன்று மட்டும் விரலுக்கு லேசாகக் கனத்து, இரண்டு கோடியிலும் தட்டி நின்றது. அதைக் கீழே வைக்க எனக்கு மனம் வரவில்லை. சக்கரங்கள் வெளியிலேயே இருந்தன. சுவிட்ச் லென்ஸின் இடப்பக்கத்தில், கட்டை விரல் விழும் இடத்தில் இருந்தது. உன் பங்கு முடிந்தது. என் பங்கைச் சோதிக்கக் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனபோதுதான், நடந்து வர ஆள் இல்லை என்பது தெரிந்தது. கட்டம் எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த விளம்பர மணப்பெண்ணின் முகத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. நான் அசையாமல் நின்றேன். அவளும் அசையவில்லை.

"இருங்கம்மா, நான் நடக்குறேன்" என்றார் கடைக்காரர். மேசையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். அந்தக் கோடிக்குப் போய், வேட்டி தடுக்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, என்னை நோக்கி வேகமாக நடந்து வந்தார். பாதியில், நீ செய்வதுபோலவே, தலையை ஒருபக்கம் ஆட்டிக் காட்டினார். பச்சைக் கட்டம் அவரை விடாமல் பிடித்தது.

"புடிக்குதா?" என்றார்.

"புடிக்குதுண்ணே."

அதையே வாங்கினேன்.

படைப்பு மாலையில், விளக்கு வைக்கும் நேரத்தில். சாமியறையில் தலைவாழை இலை போட்டு, உனக்குப் பிடித்த பால் பணியாரமும் கருவாட்டுக் குழம்பும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்கள். வேறு யாரும் அவை இரண்டையும் சேர்த்துச் சாப்பிட மாட்டார்கள். மாம்பழ நிறத்தில் புடவை. அதன் மடிப்பின் மேல் கேமரா. நெற்றிக்கு வைப்பதுபோல அதற்கும் சந்தனம் குங்குமம் வைக்கப் போனார் ஒரு அத்தை. நான் பதறி, லென்ஸ் மூடியின் மேல் வைக்கச் சொன்னேன்.

"ஒன்னு எடுத்துப் பாரு ஆத்தா, ஓடுதான்னு" என்றார் உன் அம்மா. "அவளுக்கு வைக்கிறது ஓடாததா இருக்கப்படாது."

எடுத்தேன். சாம்பிராணிப் புகை அறையை நிறைத்திருந்தது. உன் அம்மா இலைக்கு எதிரே குனிந்து, புடவையின் மடிப்பை நீவி நீவிச் சரிசெய்துகொண்டிருந்தார். கேமரா அவர் முகத்தைத் தேடியது. புகையைப் பிடித்தது, விட்டது, விளக்கைப் பிடித்தது, விட்டது. முன்னும் பின்னும் போய்க்கொண்டே இருந்தது. அத்தனை பார்த்துப் பார்த்து வாங்கிய ஆட்டோஃபோகஸால் அந்த அறையில் ஒரு முகத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. கட்டை விரலால் சுவிட்சைத் தட்டினேன். வளையத்தைத் திருப்பினேன். புடவை தெளிந்தது. கை தெளிந்தது. அவர் முகம் தெளிவுக்கு வரும் நேரத்தில் மறுபடி குனிந்தார்.

"அம்மா, கொஞ்சம் அப்படியே."

நான்தான் சொன்னேன். முதல் வார்த்தை இழுபட்டு, இரண்டாவது சட்டென்று நின்றது. அறையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். உன் அம்மா நீவிக்கொண்டிருந்த கையோடு அப்படியே நின்றார். நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. கதவுப் பக்கம் பார்த்தார். நான் அழுத்திவிட்டேன். என்ன விழுந்தது என்று பார்க்கவில்லை. அதற்குள் உன் பெரியப்பா, நேரமாகிறது, கேமராவை வையுங்கள் என்றார்.

கும்பிட்டு முடிந்ததும் ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் போயின. புடவை, வளையல், கண்ணாடி. உன் பெரியப்பா கேமராவை இரு கையாலும் எடுத்து, குழந்தையைக் கிடத்துவதுபோலப் புடவையின் மேல் வைத்தார். நான் உன் அம்மாவைப் பார்த்தேன்.

"அத்தான், அது..." என்று பெரியப்பாவிடம் தொடங்கினார். "அத இந்தப் புள்ள கொண்டுபோகட்டும்னு சொல்லியிருந்தேன்."

"படைச்சதையா?" என்றார் பெரியப்பா. கோபம் இல்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டார். "அடுத்த வருசம் தொறக்குறப்ப பாத்துக்கலாம்."

நான் பேசினேன். நம்ப மாட்டாய், பேசினேன். "பூட்டி வச்சா லென்ஸ்ல பூசணம் புடிச்சிரும்."

"என்னாத்தா? சத்தமாச் சொல்லு."

"காத்து இல்லாம இருந்தா உள்ள பூசணம் புடிச்சிரும். அப்பறம் எடுக்க முடியாது."

"பட்டுச் சேலைக்கே புடிக்கல. கற்பூரம் போட்டுத்தான் வைக்கிறோம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. "உசுரோட இருந்தப்ப கேட்டுக் கேட்டு ஏங்குச்சு. இப்பத்தான் அது கைக்கு வந்திருக்கு. வச்ச கையோட புடுங்கினா அது மனசு என்ன பாடுபடும், சொல்லு தாயி."

நீ இருந்திருந்தால் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்து வாங்கியிருப்பாய். நீ இருந்திருந்தால் பெட்டியே இல்லை. உன் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரோடு நின்றார். ஆட்டோவும் நன்றாக இருக்கும், கையால் திருப்புவதும் நன்றாக இருக்கும் ஒரு கேமராவை ஒருவழியாகக் கண்டுபிடித்து, யாரும் எடுக்க முடியாத இடத்தில் வைத்துவிட்டோம்.

பெட்டியை மூடப் போனபோது, "பேட்டரிய மட்டும் கழட்டிக்கிறேன்" என்றேன். "உள்ள கெடந்தா கெட்டுப்போகும். கேமராவையும் கெடுத்துரும்."

பெரியப்பா யோசித்தார். "அது தனியா வருமா?"

"வரும்."

"சாமானத்துக்கு ஒன்னும் ஆகாதுல்ல?"

"ஆகாது."

"சரி, எடுத்துக்க. அடுத்த வருசம் கொண்டாந்து போட்டுரு. மறந்துராத."

அடிப்பக்க மூடியைத் திறந்து பேட்டரியைக் கழற்றினேன். ஈரம் இழுக்கக் கேமரா அட்டைப்பெட்டிக்குள் வைத்து வந்த, உப்புக்கல் போன்ற சின்ன மணிப் பொட்டலங்களைக் கேமராவைச் சுற்றி, புடவை மடிப்புக்குள் ஒளித்து வைத்தேன். அந்த ஒரு படம் உள்ளேயே இருக்கிறது. உன் அம்மா கதவைப் பார்த்த முகம் தெளிவாக விழுந்ததா, புகை மட்டும் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது. பூட்டு விழுந்த சத்தம் கேட்டது.

இப்போது மறுபடி மழைக்காலம்; அடுத்த படைப்புக்கு இன்னும் சில வாரம் இருக்கிறது. தகரத்தில் மழை விழும் சத்தம் கேட்டால் எனக்கு அந்தப் பெட்டிதான் நினைவுக்கு வருகிறது. ஈரக்காற்று எந்த இடுக்கு வழியாகப் போகும், கண்ணாடியில் எந்த ஓரத்தில் பூசணத்தின் முதல் வெள்ளை நூல் பிடிக்கும் என்று நினைக்கிறேன். போன் செய்தால் உன் அம்மா சாப்பிட்டாயா என்று கேட்பார். நானும் கேட்பேன். கேமராவைப் பற்றி அவரும் பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை. பெட்டி திறக்கும் நாளில் அது யார் கைக்குப் போகும் என்பதும் தெரியாது. புடவையைப்போல வீட்டுப் பெண்ணுக்குத்தான் என்றால், நான் உங்கள் வீட்டுப் பெண் இல்லை.

நேற்று வேலைக்குப் போகும்போது பேருந்து மெதுவாகச் சென்றது. மலைப்பக்கக் கருவேலங்காட்டிலிருந்து ஒரு மயில் இறங்கி, நனைந்த தோகையை இழுத்துக்கொண்டு சாலை ஓரத்தில் நின்றது. என் விரல்கள் மடியில் எதையோ பிடித்துத் திருப்புவதைப் பக்கத்து இருக்கைப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். கை வலியா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

விளக்கு பச்சைக்கு மாறிவிட்டது. எதற்கும் செலவாகாத பேட்டரி, சீக்கிரமே நிறைந்துவிடுகிறது. சார்ஜரிலிருந்து எடுத்ததும் வெதுவெதுப்பாக இருக்கும். வழக்கமாகத் துண்டில் சுற்றிச் சாப்பாட்டுப் பைக்குள், டிபன் பாக்ஸுக்கு மேலே வைத்துக்கொள்வேன். இன்று வைக்கவில்லை. கைக்குள் மூடிக்கொண்டு கிளம்புகிறேன். பேருந்து நிறுத்தம் வரை அந்தச் சூடு இருக்கும். பிறகு ஆறிவிடும்.